சி.ஆர்.பி.எஸ். வலிநோய்க்குக் கெட்டமின் சிரைவழி மருந்தேற்றம்: சான்றும் சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

காயம் ஆறிய பின்னும் ஆறாது நீடிக்கும் கடும் வலிநோய்களுள் ஒன்று, சி.ஆர்.பி.எஸ். எனப்படும் சிக்கலான வட்டார வலி நோய்த்தொகை. பிற மருத்துவ முறைகளால் பயன்பெறாத நோயாளிகளுக்குக் கெட்டமின் என்னும் மருந்தைக் குறைந்த அளவில், சிரை வழியாகப் பல மணிநேரம் செலுத்தும் முறை முயன்று பார்க்கப்பட்டு வருகிறது. இம்முறை செயற்படும் விதத்தையும், அதற்குரிய சான்றின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. அச்சான்று பெரும்பாலும் நோயாளியின் சொல்லையே அளவுகோலாகக் கொண்டது. ஆகவே, தமிழ் பேசும் நோயாளியிடம் இச்சிகிச்சையை எடுத்துரைக்கும்போது ‘நரம்பு’, ‘மயக்கம்’ ஆகிய சொற்கள் தோற்றுவிக்கும் குழப்பம் மருத்துவத்திற்குப் புறம்பானதன்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: நாட்பட்ட வலி, சி.ஆர்.பி.எஸ்., கெட்டமின், சிரைவழி மருந்தேற்றம், போலி மருந்து, மருத்துவத் தமிழ், கலைச்சொல்

முன்னுரை

மணிக்கட்டு எலும்பு முறிந்த ஒருவருக்கு மாவுக்கட்டு பிரிக்கப்படுகிறது. எலும்பு கூடிவிட்டதாக எக்ஸ்ரே காட்டுகிறது. ஆயினும் கை எரிகிறது. சட்டைத் துணி உரசினாலும் மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் பொறுக்க இயலவில்லை. கை ஒருநாள் சிவந்து சுடுகிறது. மற்றொருநாள் நீலம் பாரித்துக் குளிர்கிறது. வீக்கம் வற்றவில்லை, வியர்வை மிகுகிறது, நகமும் மயிரும் வளரும் விதம் மாறுகிறது, விரல்கள் மடங்க மறுக்கின்றன. காயத்தின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் தொடர்பே இல்லாத இந்நிலையே சி.ஆர்.பி.எஸ். ஆகும்.

இது அரிதான நோய். நெதர்லாந்தில் 2007இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 26 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஒரு மாவட்டத்தில் அதற்கு முன்னர் நடந்த ஆய்வில் அவ்வெண் 5 அல்லது 6 என்ற அளவிலேயே இருந்தது. நோயை வரையறுப்பதில் இருந்த வேறுபாடு இவ்விடைவெளிக்கு ஒரு காரணம். இரு ஆய்வுகளிலும் பெண்களே மிகுதி. பலர் ஓராண்டிற்குள் ஓரளவு தேறிவிடுகின்றனர். தேறாதவர்களே இக்கட்டுரையின் பொருள். வலிநீக்கி மாத்திரை, வலிப்புநோய்க்கும் மனச்சோர்வுக்கும் வழங்கப்படும் மருந்துகள், இயன்முறைப் பயிற்சி, நரம்புத் தடை ஊசி ஆகியவற்றைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். ‘வேறு ஏதேனும் உண்டா?’ என்ற அவர்களது கேள்விக்குச் சில வலி மருத்துவர்கள் தரும் விடையே கெட்டமின் மருந்தேற்றம்.

பெயர் மாறிய வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் குண்டால் நரம்பு சிதைந்த வீரர்கள் பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்குப் பணியாற்றிய சைலஸ் வெயர் மிட்செல், மோர்ஹவுஸ், கீன் ஆகிய மூவரும் 1864இல் வெளியிட்ட நூல் இவ்வெரிவலியை விரிவாகப் பதிவு செய்தது. அவ்வீரர்கள் வலியுற்ற கையை ஈரத்துணியால் சுற்றியே வைத்திருந்தனர். சிலர் காலணிக்குள்ளும் நீர் ஊற்றிக்கொண்டனர். கிரேக்க மொழியில் வெப்பத்தையும் வலியையும் குறிக்கும் சொற்களை இணைத்துக் ‘காசால்ஜியா’ என்ற பெயர் பின்னர் அமைந்தது.

ஜெர்மானிய அறுவை மருத்துவர் பால் சூடெக் 1900இல் இத்தகைய உறுப்புகளில் எலும்பு மெலிவதைக் காட்டியபின் அவர் பெயரும் நோய்க்கு வழங்கியது. 1946இல் எவன்ஸ் என்பவர், பரிவு நரம்பு மண்டலத்தின் எதிர்வினையே நோய்க்குக் காரணம் என்னும் பொருள்படப் புதிய பெயரிட்டார். அக்கொள்கை எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தவில்லை. எனவே பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1994இல், காரணம் எதனையும் சுட்டாத இன்றைய பெயரை ஏற்றது. நரம்புச் சேதம் தெளிவாகத் தெரியாதது முதல் வகை. தெரிவது இரண்டாம் வகை. காரணத்தைப் பெயரில் ஏற்றிவைத்தால் சிகிச்சையும் அதன்வழியே செல்லும் என்பதற்கு இவ்வரலாறு நல்ல சான்று. பரிவு நரம்பே காரணம் என்ற நம்பிக்கையால் பல ஆண்டுகள் வலியுற்ற கையின் சிரைக்குள் குவானெத்திடின் மருந்து செலுத்தப்பட்டது. 1995இல் வெளியான கட்டுப்பாட்டு ஆய்வு, அம்மருந்துக்கும் வெறும் உப்புநீருக்கும் வேறுபாடு காணவில்லை.

இன்று நோயறிதலுக்குப் பயன்படுவன புடாபெஸ்ட் அளவைகள். உணர்வு மாற்றம், நிற–வெப்ப மாற்றம், வீக்கம்–வியர்வை மாற்றம், அசைவு–தோல்–நக மாற்றம் என்னும் நான்கு பிரிவுகளில் குறைந்தது மூன்றில் நோயாளி அறிகுறி கூறவேண்டும். இரண்டிலேனும் மருத்துவர் நேரில் காணவேண்டும். வேறெந்த நோயும் அவற்றை விளக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை ஒன்றினால் இந்நோயை உறுதிசெய்ய இயலாது. நோயாளி சொல்வதிலிருந்தே நோயறிதல் தொடங்குகிறது.

கெட்டமின் எவ்வாறு செயற்படுகிறது?

காயம்பட்ட இடத்திலிருந்து வரும் வலிக் குறிப்பைத் தண்டுவடத்தின் பின்கொம்பிலுள்ள நரம்பணுக்கள் ஏற்று மூளைக்கு அனுப்புகின்றன. இவ்விடைமாற்றத்தில் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் தூதாக அமைகிறது. அதனை ஏற்கும் வாயில்களுள் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. இயல்பு நிலையில் இவ்வாயிலை மக்னீசிய அயனி அடைத்திருக்கும். வலிக் குறிப்பு இடைவிடாது வந்துகொண்டே இருந்தால் அடைப்பு விலகும், கால்சியம் உட்புகும், நரம்பணுவின் உணர்திறன் ஏறும். பின்னர் மெல்லிய தொடுதலும் வலியாகப் பதிவாகும். தண்டுவடமே இவ்வாறு கூர்மையடையக்கூடும் என்பதைக் கிளிஃபர்ட் உல்ஃப் 1983இல் விலங்காய்வின் வாயிலாகக் காட்டினார். கெட்டமின் என்.எம்.டி.ஏ. ஏற்பியின் செயலைத் தடுக்கிறது என்பதும் அதே ஆண்டில் வெளியாயிற்று. இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று தேடி வந்தவை போலப் பின்னாளில் இணைந்தன.

கெட்டமின் இதற்காக உருவாக்கப்பட்ட மருந்தன்று. 1962இல் பார்க்–டேவிஸ் நிறுவனத்திற்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் இதனை அறுவைக்குரிய மயக்க மருந்தாகத் தொகுத்தார். 1970இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரிதும் குலைக்காத இயல்பினால் போர்க்களத்திலும் சிற்றூர் மருத்துவமனையிலும் இது பயன்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் உள்ளது. அதே வேளையில் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதால் இந்தியாவில் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் வைக்கப்பட்டுக் கட்டுப்படுத்தப்படுகிறது. சி.ஆர்.பி.எஸ். நோய்க்கென இதற்குத் தனி ஒப்புதல் இல்லை. மருத்துவர் தம் பொறுப்பிலும் நோயாளியின் ஒப்புதலிலும் வழங்குவதே நடைமுறை.

சான்றின் வலிமையும் வரம்பும்

2009இல் வலி குறித்த ஒரே ஆய்விதழில் இரு கட்டுப்பாட்டு ஆய்வுகள் வெளியாயின. அவற்றுள் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நடந்தது பெரியது. முதல் வகை நோயாளிகள் 60 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குக் கெட்டமினும் மற்றதற்குப் போலி மருந்தும் நான்கு நாள்களுக்குச் சற்று மேலாக இடைவிடாது செலுத்தப்பட்டன. பூச்சியம் முதல் பத்து வரையான அளவில் தொடக்க வலி இரு குழுக்களிலும் 7 என்ற நிலையில் இருந்தது. முதல் வார முடிவில் கெட்டமின் குழுவில் அது ஏறக்குறைய 2.7 ஆகவும் போலி மருந்துக் குழுவில் 5.5 ஆகவும் குறைந்தது. இவ்வேறுபாடு மெல்ல மெல்லச் சுருங்கிப் பன்னிரண்டாம் வாரத்தில் புள்ளியியல் முறையில் பொருளற்றதாயிற்று.

இம்முடிவில் கருதத்தக்கவை பல. கெட்டமினின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் உடலிலிருந்து நீங்கிவிடும். மருந்து நீங்கிய பின்னும் வாரக்கணக்கில் வலி குறைந்திருந்தமை, தண்டுவடத்தின் கூர்மை சற்றே தணிந்தது என்ற கருத்துக்கு ஆதரவாகிறது. இது வெறும் உணர்வுமழுங்கல் அன்று. ஆனால், வலி குறைந்திருந்த வாரங்களிலும் கை, கால்களின் செயற்பாடு மேம்படவில்லை என்று அதே ஆய்வு கூறுகிறது. நோயாளிக்கு வலியே பெரிது; குடும்பத்திற்கும் தொழிலுக்கும் கையின் பயன்பாடு பெரிது. இவ்விரண்டும் ஒருங்கே திரும்பும் என்று எதிர்பார்த்து வருவோருக்கு இது கசப்பான செய்தி.

மற்றொரு சிக்கல் ஆய்வின் அமைப்பிலேயே உள்ளது. யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு மறைப்பதே இத்தகைய ஆய்வின் அடிப்படை. கெட்டமின் பெற்றவர்களுள் 76 விழுக்காட்டினருக்கு மிதப்பது போன்ற உணர்வு முதலிய மனநிலை மாற்றங்கள் ஏற்பட்டன. போலி மருந்து பெற்றவர்களுள் 18 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். தமக்குக் கிடைத்தது எது என்பதை நோயாளிகள் பலர் ஊகித்திருக்கக் கூடும். ஊகித்தவரின் நம்பிக்கை அவர் சொல்லும் எண்ணையும் தொடும். மருந்தின் பயன் பொய் என்பது இதன் பொருளன்று. அப்பயனில் மருந்தின் பங்கையும் நம்பிக்கையின் பங்கையும் துல்லியமாகப் பிரிக்க இயலவில்லை என்பதே பொருள்.

அமெரிக்காவில் சுவார்ட்ஸ்மன் குழுவினர் நடத்திய மற்ற ஆய்வில் 19 பேரே பங்கேற்றனர். நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் வீதம் பத்து நாள்கள் மருந்து ஏற்றப்பட்டது. உச்ச அளவு மணிக்கு 25 மில்லிகிராமுக்கு மிகவில்லை. இங்கும் வலி குறைந்தது. நோயாளி வீட்டிலிருந்தே வந்துபோகும் இம்முறையே பல வலி மருத்துவ மையங்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது. இதற்கு ஓராண்டு முன்னர், 20 நோயாளிகளை ஐந்து நாள் முழு மயக்கத்தில் வைத்து மிகுந்த அளவில் கெட்டமின் செலுத்திய ஆய்வு ஒன்றும் வெளியாயிற்று. ஒரு மாத முடிவில் இருபதின்மரும், ஆறு மாத முடிவில் பதினாறு பேரும் வலியின்றி இருந்ததாக அது கூறியது. வியப்பூட்டும் எண்கள்தாம். ஆயினும் ஒப்பிடுவதற்குப் போலி மருந்துக் குழு இல்லாத ஆய்வு அது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் மயக்கத்தில் கிடப்பதன் இடரை அத்தகைய சான்றைக்கொண்டு ஏற்பது கடினம்.

சிறிய ஆய்வுகளின் வெற்றியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதே நோயின் வரலாற்றில் ஓர் எச்சரிக்கை உண்டு. எதிர்ப்புப் புரதமாகிய இம்யூனோகுளோபுலினைச் சிரைவழி செலுத்தினால் வலி குறைகிறது என 2010இல் பிரித்தானியாவில் 13 பேர் பங்கேற்ற ஆய்வு கூறியது. 2017இல் அங்கேயே 111 பேரைக்கொண்டு நடந்த ஆய்வில் அது போலி மருந்தைவிட மேலானதாக இல்லை. கெட்டமினுக்கு அத்தகைய பெரிய ஆய்வு முடிவு இன்னும் வாய்க்கவில்லை. வட்டார மயக்கவியல், வலி மருத்துவம் ஆகியவை சார்ந்த மூன்று அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சி.ஆர்.பி.எஸ். நோய்க்குக் கெட்டமின் பன்னிரண்டு வாரம் வரை பயன் தரலாம் என ஏற்றுக்கொண்டு, அதற்குரிய சான்று வலுக்குறைந்தது என்றும் குறித்தது.

மருந்தேற்றும் நாள்

நோயாளி வெறும் வயிற்றோடு வரவேண்டும். உடன் ஒருவர் இருக்கவேண்டும். இரத்த அழுத்தம், இதயத்துடிப்பு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் காட்டும் கருவிகள் பொருத்தப்படும். கையில் ஊசிக்குழல் இட்டு, மருந்து இறங்கும் வேகத்தைக் கருவி கொண்டு சிறிது சிறிதாகக் கூட்டுவர். அரை மணிக்குள் ஒலிகள் தொலைவில் கேட்பது போலவும், உடல் கட்டிலிலிருந்து விலகியது போலவும், நேரம் நீண்டது போலவும் தோன்றலாம். சிலருக்கு இது இதமாகவும் சிலருக்குப் பேரச்சமாகவும் அமையும். அச்சம் மிகுந்தால் மருந்தின் வேகம் குறைக்கப்படும். அமைதிப்படுத்தும் மருந்தும் தரப்படும். குமட்டலும் இரத்த அழுத்த உயர்வும் வழக்கமானவை. அன்று வண்டி ஓட்டுதல் கூடாது. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், நிலையற்ற இதயநோய், கடும் கல்லீரல் நோய், உளப்பிறழ்வு, கர்ப்பம் ஆகியவை உள்ளோருக்கு இம்முறை தவிர்க்கப்படுகிறது.

திரும்பத் திரும்ப ஏற்றுவதில்தான் பெரிய இடர். பதினாறு நாள் இடைவெளியில் இரண்டாம் முறை நீண்ட மருந்தேற்றம் பெற்ற ஆறு பேருள் மூவருக்குக் கல்லீரல் பாதிப்புத் தோன்றியதால் 2011இல் வெளியான ஆய்வொன்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. போதைக்காகத் தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் சிறுநீர்ப்பை அழற்சியும் காணப்படுகிறது. சில வாரங்களில் திரும்பிவரும் வலி, அடுத்த மருந்தேற்றத்தை வேண்டும். அடுத்தது மற்றொன்றை வேண்டும். முதல் நாளுக்கு முன்னரே இச்சங்கிலியைப் பற்றிப் பேசாத மருத்துவம் பாதி மருத்துவமே.

‘நரம்பு’, ‘மயக்கம்’: இரு சொற்களின் இடர்

மருத்துவத் தமிழில் நரம்பு, சிரை, தமனி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. பேச்சுத் தமிழில் அவ்வாறில்லை. புறங்கையில் புடைத்துத் தெரியும் சிரையும் நரம்பே. காலில் சிரை முறுக்கிக்கொள்வது நரம்புச் சுருட்டு. சிரையில் இடும் ஊசி நரம்பு ஊசி. பழந்தமிழில் யாழின் தந்தியும் நரம்பு எனப்பட்டதை நோக்கினால், நீண்டு இழையாய் ஓடுவது எதுவும் அச்சொல்லுக்குள் அடங்கியமை விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் வெளியிட்ட சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து கலைச்சொல்லாக்கம் இவ்வுறுப்புகளைப் பிரித்தே வந்துள்ளது. நோயாளியின் நாவில் அப்பிரிவு இன்னும் முழுமையாக ஏறவில்லை.

இதன் விளைவு சிறியதன்று. ‘உங்களுக்கு நரம்பு வலி, நரம்பு வழியாக மருந்து ஏற்றுவோம்’ என்று கூறக் கேட்பவர், வலிக்கும் நரம்புக்குள்ளேயே மருந்து பாய்ந்து அதைச் சரிசெய்யும் என எண்ணுவது இயல்பு. உண்மையில் மருந்து இரத்தத்தில் கலந்து தண்டுவடத்தையும் மூளையையும் அடைந்தே செயற்படுகிறது. வலிக்கும் கையில் ஏற்றாமல் மறுகையில் ஏற்றுவதைக் கண்டு ஐயுறுவோருக்கும் இக்குழப்பமே காரணம். ‘இரத்தக் குழாய் வழியாக’ என்ற எளிய தொடர் இதனைத் தீர்க்கும்.

மயக்கம் இன்னும் விரிந்த சொல். இலக்கணத்தில் அது கலத்தல். வழக்கில் தலைசுற்றல், நினைவிழத்தல், போதை, ஈர்ப்பு எனப் பல. ‘மயக்க மருந்து’ என்று மட்டும் கேட்டவர் தாம் உறங்கி எழப்போவதாக எதிர்பார்ப்பார். இங்குத் தரப்படும் அளவோ உறக்கத்திற்கு மிகவும் கீழானது. விழித்திருந்தபடியே உடல் தன்னைவிட்டு விலகுவதை உணர்பவர், முன்னறிவிப்பு இல்லையேல் தம் மனம் பிறழ்ந்ததாகவோ உயிர் பிரிவதாகவோ அஞ்சக்கூடும். அவ்வச்சத்தோடு முடிந்த முதல் நாளுக்குப்பின் இரண்டாம் நாள் வர மறுப்பவரை, மருந்து பயனளிக்காதவர் என்று கணக்கிடுவது பிழை.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் இடம்பெற வேண்டிய தமிழ் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: ‘இரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றுவோம். நீங்கள் விழித்தே இருப்பீர்கள். மிதப்பது போலத் தோன்றலாம், மருந்தை நிறுத்தியதும் அது தணியும். வலி சில வாரங்கள் குறையலாம், குறையாமலும் போகலாம், குறைந்தபின் திரும்பியும் வரலாம். குறைந்திருக்கும் நாள்களில் கையை அசைக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.’ இறுதித் தொடர் முக்கியமானது. வலி தணிந்தும் செயற்பாடு மேம்படாமை லெய்டன் ஆய்வில் கண்டது. அவ்விடைவெளியை இயன்முறைப் பயிற்சியால் நிரப்ப முயல்வதே இம்மருந்தேற்றத்தை மேற்கொள்வதற்கான தக்க காரணமாகத் தோன்றுகிறது.

வலியை அளக்கும் முறையிலும் தமிழ் செய்யத்தக்கது உண்டு. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், வலியின் அளவைவிட வலியின் தன்மையைக் குறிக்கும் சொற்களைத் திரட்டி அமைந்தது. எரிச்சல், காந்தல், குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, மதமதப்பு, சுரீர் எனல், விண்விண் எனல் எனத் தமிழ் இவற்றை நுட்பமாகப் பிரிக்கிறது. வட்டாரந்தோறும் மேலும் சொற்கள் உள்ளன. எரிச்சலும் காந்தலும் சுரீர் எனலும் நரம்புசார் வலியை நோக்கிக் கைகாட்டுபவை. உளைச்சலும் கடுப்பும் தசை, மூட்டு ஆகியவற்றையும் கருதவைப்பவை. மருந்தேற்றத்திற்கு முன் ‘எரியுது, துணி பட்டாலே சுரீர்னுது’ என்று ஏழாம் எண்ணைச் சொன்ன ஒருவர், மூன்று வாரங்களுக்குப்பின் ‘எரிச்சல் இல்லை, மடக்கினால் கடுக்குது’ என்று ஆறாம் எண்ணைச் சொல்லலாம். எண்ணை மட்டும் குறித்த மருத்துவர் சிகிச்சை ஏறக்குறையத் தோற்றதாகப் பதிவு செய்வார். சொல்லையும் குறித்தவரோ, தொடுதலைத் தாங்கும் கை ஒன்று பயிற்சிக்கு ஆயத்தமாக இருப்பதைக் காண்பார்.